ஆள் வராத மண்வெட்டிகள்

காக்கா, இன்றைக்கும் பள்ளிவாசலில் கூட்டம் என்று மோதினார் ஒழுங்கையால் சொல்லிக்கொண்டு போனால், உங்கள் சட்டையை எடுத்து வைக்க என் கை போகிறது. வீட்டில் சட்டை போடாத மனிசன் நீங்கள். கூட்டத்துக்கு மட்டும் அந்த நீலச் சட்டையைக் கேட்பீர்கள். "ஊரோட கதைக்கப் போறன், சட்ட வேணாமா?" என்பீர்கள். சட்டை கொடியில் கிடக்கிறது. ஊர் இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பேரை எழுதவில்லை. எழுதினால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் மாமா வந்து உம்மாவின் வாசலில் நின்று சத்தம் போடுவார். ஆகையால் நீங்கள், என் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா என்றே இருங்கள்.

இனி வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் கல்முனையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, களப்புக்கு அங்கால் வயல். மாரி மழைக்குக் களப்பு நிரம்பும். நிரம்பின தண்ணீர் கடலுக்குப் போகாது. நடுவில் ஒரு மணல் திட்டு மறித்துக்கொண்டு கிடக்கும். அந்த இடத்துக்குப் பேர் ஆற்றுவாய். மணலை வெட்டி வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் கடலில் பாயும். திறக்காவிட்டால் பள்ளத்தில் கிடக்கிற வயலெல்லாம் மூழ்கும். எப்போது வெட்டுவது என்பதை ஊர்தான் பள்ளியில் கூடி முடிவெடுக்கும். முடிவெடுத்ததும் எல்லாரும் சேர்ந்து நபியின் பேரில் சலவாத்துச் சொல்வார்கள். சொன்னால் அது கட்டு. அதற்குப் பிறகு யாரும் மாறக்கூடாது. அப்படித்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

சூறாவளி அடித்துச் சில மாரி கழிந்த பிறகு நடந்த கதை இது. எங்கள் வாப்பா முன்னமே மவுத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். காக்காதான் வீடு. மாமாவின் பள்ளக்காணியில் இரண்டு ஏக்கர் அவர் செய்தார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. விளைச்சலில் அவருக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. அந்தப் பாதியில்தான் உம்மாவும் நானும் வருஷம் முழுக்கச் சோறு தின்றோம். நான் தறிக் கொட்டிலில் நூல் சுற்றுவது உப்புக்கும் சவர்க்காரத்துக்கும் காணும், அவ்வளவுதான்.

அந்தத் தறிக் கொட்டிலின் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளி முற்றம். கூட்டம் என்றால் எங்களுக்கும் கூட்டம்தான். பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வேலியில் காதை வைப்போம். ஆண்கள் நினைப்பார்கள், தாங்கள் கதைப்பது அல்லாஹ்வுக்கும் அவர்களுக்கும் மட்டும்தான் கேட்கிறது என்று.

அன்று வியாழக்கிழமை, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு. நாலு நாளாக விடாத மழை அப்போதுதான் கொஞ்சம் தூறலாகியிருந்தது. போடியார் முன்னால் இருந்தார். பெரிய காணிக்காரர், நெல்லு ஆலையும் ட்ரக்டரும் உள்ளவர். அவருடைய வயலெல்லாம் மேட்டில். களப்பில் றால் பிடிக்கிற வலைகளில் முக்கால்வாசி அவருடைய மருமகன்மாருடையது. ஆற்றுவாயை வெட்டினால் றால் கடலுக்கு ஓடிவிடும். இவ்வளவும் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இன்னம் மூணு நாள் பொறுப்பம்," என்றார் போடியார். "ஞாயித்துக்கெழம சுபஹு தொழுதுட்டு, வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. ஊரே எறங்கினா பகலைக்குள்ள வேல முடிஞ்சிரும். என்ன செல்றீங்க?"

"நல்ல கத, நல்ல கத," என்று சத்தம் வந்தது. எங்களூரில் போடியார் தும்மினாலும் நல்ல கதைதான்.

அப்போது காக்காவின் குரல். "போடியார், மூணு நாள் பொறுத்தா தண்ணி எங்கட பயிருக்கு மேலால போகும். இப்பவே நுனி மட்டும்தான் தெரியிது. உங்கட வயல் மேட்டில கெடக்கு. நீங்க மூணு மாசமும் பொறுப்பீங்க."

யாரோ சிரித்தார்கள். "டேய், ரெண்டேக்கர் செய்றவன் ஊருக்கு வெளக்கம் செல்ல வந்துட்டான்டா."

"ரெண்டேக்கரும் ஏக்கர்தான் நாநா. அதுக்கும் அதே மழதான் பெய்யிது," என்றார் காக்கா. "இன்னொண்டு. மூணு நாளில தண்ணி இன்னம் ஏறும். ஏறின தண்ணிய வெட்டித் தொறக்கிறது லேசில்ல. வாய் ஒடைஞ்சா ஆளையும் கொண்டு போகும். இண்டைக்கி வெட்டினா பயமில்ல."

பதில் இல்லாத கேள்வி வந்தால் ஊர் தொண்டையைச் செருமும். செருமினார்கள். மறுகா மாமாவின் குரல் வந்தது.

"சும்மா இரி மருமகன். பெரியவங்க ஒரு முடிவுக்கு வரக்குள்ள குறுக்க விழாத."

"மாமா, வயல் உங்கட!"

"என்ட வயல்தான். எனக்குத் தெரியும்."

கை தூக்கச் சொன்னார்கள். முதலாவது கை மாமாவுடையது. மூழ்கப் போவது அவருடைய சொந்தக் காணி. ஆனால் அவருடைய மூத்த மகன் போடியாரின் ஆலையில் வேலை செய்கிறான். காணி ஒரு போகம் அழிந்தால் அடுத்த போகம் செய்யலாம். போடியாரின் முகம் ஒருமுறை சுளித்தால் என்ன செய்வது? மாமாவின் கை உயர்ந்ததும் பக்கத்திலிருந்தவர் தூக்கினார், அவரைப் பார்த்து அவருக்குப் பக்கத்திலிருந்தவர். வேலி ஓட்டையால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் நித்திரையிலிருந்து முழித்து, எதற்கென்று கேளாமலே கையைத் தூக்கினார். மழையில் ஊறின விரல்கள், வெள்ளை வெள்ளையாக.

என் பக்கத்துத் தறிக்காரி என்னை இடித்தாள். அடுத்த வளவுக்காரி அவள். "உன்ட காக்காட வாய்க்கி ஊசியும் நூலும் வேணும்கா."

"ஓம்கா, உன்ட மாப்பிள்ளட கைக்கி ஒரு கயிறு வேணும். எல்லாத்துக்கும் தூக்குறார், பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். புருஷனின் கை உயரத்தான் இருந்தது. "அந்தாளுக்குக் கை வலிக்கிறதெல்லாம் வீட்டில விறகு கொத்தச் சென்னாத்தான்," என்றாள். கொட்டில் முழுக்கச் சிரித்தது. அதே நேரத்தில் முற்றத்தில் சலவாத்துக் கேட்டது. நாங்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு முணுமுணுத்தோம். ஆக, அந்த முடிவில் எங்கள் வாயும் இருந்தது.

காக்கா வீட்டுக்கு வந்து கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவ அவ்வளவு சேறும் இல்லை. நான் போய்ச் சொன்னேன், "ஞாயித்துக்கெழம நீங்க போகத் தேவல்லதானே காக்கா. நீங்க ஓமெண்டு செல்லல்ல. கையும் தூக்கல்ல."

"கை தூக்கல்லதான். ஆனா சலவாத்துச் செல்லக்குள்ள என்ட வாயும் அசஞ்சிதே. அசஞ்ச வாய என்ன செய்யிற?"

"எல்லாருக்குந்தான் அசஞ்ச."

"அவங்கட வாய் அவங்களோட." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "இஞ்ச கேளு. நான் வேணாமெண்டு கதைச்சன். அவங்க வேணுமெண்டாங்க. கதைச்சுத் தோத்தவன் வேலைக்கும் போகாட்டி, நான் கதைச்சதெல்லாம் என்ட வயலுக்காகத்தான் எண்டு ஆகிரும். ஊருக்காகத்தான் கதைச்சன் எண்டு காட்டணுமெண்டா நான்தான் முதல்ல போகணும்."

எனக்கு அன்றைக்கு அது பைத்தியம் பிடித்த விசர்க் கதையாகப் பட்டது. இன்றைக்கு அதைத் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை. முடிவை எதிர்த்தவன் அதை எடைபோட்டுப் பார்த்தவன். பாரம் இவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தபடியால் தூக்குகிறான். நல்ல கதை, நல்ல கதை என்றவன் பாரத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும் அதைத் தூக்க வேண்டும் என்று? கையைத் தூக்கியதோடு அவன் வேலை முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிய மழை கொட்டியது. வெள்ளியும் சனியும்கூட அப்படித்தான். பயிரின் நுனியும் தெரியவில்லை. காக்கா ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்தார். உம்மா அவருடைய தலையில் ஓதி ஊதினார். நான் போத்தலில் தேத்தண்ணி கொடுத்தேன். மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. சங்கிலி கழன்றுவிட்டது, குனிந்து அதை மாட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஆற்றுவாயில் நடந்ததை அங்கே நின்ற ஒருவர்தான் எனக்குச் சொன்னார். அவர் ஊரூராக ஐஸ்பழம் விற்கிறவர். அவருக்கு வயலும் இல்லை, வலையும் இல்லை. மழைக்கு ஐஸ்பழம் யார் வாங்குவது, சும்மாதானே இருக்கிறோம், ஊர் கூப்பிட்டது என்று போயிருக்கிறார். போனவர்கள் காக்காவோடு சேர்த்து ஏழு பேர். எங்களூரில் எத்தனை வீடு என்று நான் சொல்லத் தேவையில்லை.

மற்றவர்கள் எங்கே? ஒருவருக்குக் குளிர்காய்ச்சல். ஒருவர் சம்மாந்துறையில் சம்பந்தம் பேசப் போய்விட்டார், அந்த மழையில். ஒருவர், எல்லாரும் போவார்கள்தானே, நான் ஒருத்தன் போகாவிட்டால் என்ன என்று படுத்துவிட்டார். அப்படிப் படுத்தவர்கள்தான் கனபேர்.

அதையும்விட ஒரு வேலை செய்தார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் போடியாரின் ட்ரக்டர் ஆற்றுவாய்க்கு வந்திருக்கிறது. ஏழு பேரும் ஆள் வருகிறது என்று சந்தோஷப்பட்டு எழும்பி நின்றார்களாம். பெட்டியிலிருந்து ஆள் இறங்கவில்லை. மண்வெட்டி இறங்கியது. பதினொரு மண்வெட்டி. வழிநெடுக வீட்டு வாசலில் நின்று, ஆள் மறுகா வாறோம், இப்போதைக்கு இதைக் கொண்டு போ என்று பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். போடியார் வீட்டிலிருந்தும் இரண்டு. சாரதி அவற்றை மணலில் குவித்துவிட்டு, மழை கூடுது என்று ட்ரக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"அந்த மண்வெட்டிக் குவியலப் பாத்து உன்ட காக்கா சிரிச்சான் புள்ள," என்றார் ஐஸ்பழக்காரர். "'இந்தா, ஊர் வந்துட்டு, எல்லாருக்கும் சலாம் செல்லுங்க' எண்டான். நாங்களும் சிரிச்சிட்டம். திரும்பிப் போவமா எண்டு ஒருத்தன் கேட்டான். 'நாம போனா அவங்க வராதது செரியாப் போயிரும்' எண்டு செல்லிட்டு மண்ண வெட்டத் தொடங்கிட்டான்."

கடல் பக்கமிருந்து கால்வாயாக வெட்டிக்கொண்டு வருவார்கள். களப்புப் பக்கம் ஒரு வண்டியளவு மணலைக் கடைசிவரை விட்டு வைப்பார்கள். அந்தக் கடைசி மணலை வெட்டுகிறவனுக்கு இடுப்பில் கயிறு. கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். வாய் உடைகிற நேரம் அவனைத் தூக்கி எறிகிற மாதிரி இழுத்துவிடுவார்கள். அதுதான் முறை. ஏழு பேர் வெட்டிக்கொண்டு வர, பகல் லுகர் தொழுகை நேரமும் தாண்டிவிட்டது. தண்ணீர் மணலுக்கடியால் கசியத் தொடங்கியது. நாலு பேர் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வந்தவர்கள். கயிற்றைப் பிடிக்க இரண்டு பேர் மிஞ்சினார்கள். காக்கா மணலில் ஏறி நின்றார்.

ஐஸ்பழக்காரர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். கயிறு உருவிக்கொண்டு போன தடம், சிவந்து வெடித்திருந்தது. "ரெண்டு பேர் புள்ள. ரெண்டே ரெண்டு பேர். இன்னம் நாலு கை இருந்தாப் புடிச்சிருப்பம்," என்று சொல்லிவிட்டு, ஆண் பிள்ளை என்றும் பாராமல் அழுதார்.

பின்னேரத்துக்குள் களப்பு இறங்கிவிட்டது. மாமாவின் வயலில் பயிர் தலைநிமிர்ந்தது.

காக்கா தெற்கே அடுத்த ஊர்க் கரையில் ஒதுங்கியிருந்தார். அது தமிழ் ஆட்களின் ஊர். கரையில் நின்ற வயல்காரர் ஒருவர் தன்னுடைய சாரத்தால் மூடி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆட்களைத் தேடி ஆற்றுவாய்க்கு வந்திருக்கிறார். அங்கே ஐஸ்பழக்காரர் மட்டும் இருந்தார். மற்றவர்கள் கரைவழியே தேடி ஓடியிருந்தார்கள். இது எல்லாம் பிரேதத்துக்காரருடைய சாமான் என்று நினைத்து, அந்த மனிசன் குவிந்து கிடந்த மண்வெட்டிகளையும் வண்டியில் ஏற்றிவிட்டார். எங்கள் வாசலில் இறக்கும்போது என் மாமாவிடம் கேட்டார்.

"இவ்வளவு மண்வெட்டி கிடந்திச்சி தம்பி. ஆக்கள் எங்க?"

மாமா குனிந்து தன் சாரத்தை மடித்துக் கட்டினார். வெளியூர் ஆள் ஒருவர், ஒரு பாவமும் அறியாமல் கேட்ட கேள்வி அது. எங்களூரில் அதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

அடக்கிவிட்டு வந்தார்கள். மையவாடிக்கு ஊரே போனது. மண்வெட்டியோடு போக வேண்டிய இடத்துக்குப் போகாதவர்கள் எல்லாரும், மண் போட மட்டும் வந்தார்கள்.

நாலாம் நாள் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஜீப் வந்தது. அனுமதி இல்லாமல் ஆற்றுவாயை வெட்டச் சொன்னது யார், ஆள் மவுத்தாக யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அன்று அசருக்குப் பிறகு மறுபடியும் கூட்டம். நான் வீட்டில் இருந்தேன். தறிக்காரி வந்து காதுக்குள் சொன்னாள்.

"முடிவொண்டும் எடுக்கல்ல எண்டு முடிவெடுத்திருக்காங்கடி."

"என்ன?"

"அண்டைக்கிக் கூட்டமே நடக்கல்லயாம். உன்ட காக்கா தன்ட எண்ணத்தில போய் வெட்டினதாம். அப்பிடிச் செல்லணுமெண்டு எல்லாரும் சலவாத்துச் சென்னாங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இவரும் கை தூக்கினாரு."

இந்த முடிவு மட்டும் அப்படியே நடந்தது. ஒருவர்கூட மாறவில்லை. குளிர்காய்ச்சல்காரர், படுத்துக் கிடந்தவர், எல்லாரும் மறுபடி வந்த ஜீப்புக்கு முன்னால் வரிசையாக நின்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். வேலை செய்யத் தேவையில்லாத முடிவென்றால் எங்களூர் எவ்வளவு ஒற்றுமை!

அடுத்த நாள் போடியாரும் மாமாவும் ஒரு கடதாசியோடு வந்தார்கள். உம்மா புருஷன் மவுத்தாகி இத்தா இருக்கிறவர் இல்லை, மகனைப் பறிகொடுத்தவர். ஆனாலும் திரைக்குப் பின்னால்தான் இருந்தார்.

"தாத்தா, மவுத்தானவன ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலா. உசிரோட இரிக்கிறவங்கள நாமதானே பாக்கணும்," என்றார் மாமா, தன் மூத்த சகோதரியான உம்மாவிடம். "ஒரு கைநாட்டு. அவ்வளவுதான்."

"என்ன எழுதியிரிக்கி?" என்று உம்மா கேட்டார்.

மாமா கடதாசியை என்னிடம் நீட்டினார். "உம்மாக்கு வாசிச்சுக் காட்டு மகள். நீ படிச்சவதானே."

மூன்றாம் வகுப்புப் படிப்பு அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் மகன் யாருடைய சொல்லும் இல்லாமல் தன் சொந்த எண்ணத்தில் போனான். அந்த வசனத்தை என் வாயாலேயே வாசித்தேன். கிழித்திருக்கலாம். அடுப்பில் போட்டிருக்கலாம். பொய் என்று கத்தியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. போடியார் முற்றத்தில் நின்றார், மாமாவின் காணியில்தான் எங்கள் சோறு, உம்மா என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். உம்மா விரலை நீட்டினார்.

ஊரை நான் ஏசுகிறேன். ஏசத்தான் ஏசுவேன். ஆனால் அன்றைக்கு என் வாயும் அசைந்த வாய்தான். கை தூக்குகிறவனுடைய பயம் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அது பெரிய பயம்கூட இல்லை. நாளைக்கும் இதே ஒழுங்கையால் நடக்க வேண்டுமே என்ற சின்னப் பயம். அந்தச் சின்னப் பயத்துக்கு என் காக்காவை விற்றேன்.

பிறகுதான் மண்வெட்டிக் கதை தொடங்கியது. பதினொன்றும் எங்கள் வேலியோரம் கிடந்தன. எங்களூரில் மாட்டுக்குச் சுடுகிற குறியையே மண்வெட்டிப் பிடியிலும் சுட்டு வைப்பார்கள். ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி. யாருடையது என்று எழுத்துத் தெரியாதவரும் சொல்லலாம். வயலில் வேலை தொடங்க, ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் குளிர்காய்ச்சல்காரர்.

"புள்ள, எங்கட மண்வெட்டி ஒண்டு இஞ்ச கெடக்காமே."

"எந்த மண்வெட்டி நாநா?"

"அதான்... அண்டைக்கி அனுப்பின..."

"எண்டைக்கி? எதுக்கு அனுப்பின?"

முடிவு இருந்தது என்றால் கச்சேரிக்குச் சொன்னது பொய். இல்லை என்றால் மண்வெட்டி எப்படி ஆற்றுவாய்க்கு நடந்து போனது? "பாத்து எடுத்து வைய்யி, மறுகா வாறன்," என்று போய்விட்டார். பிறகு மனைவிமார் வந்தார்கள். அவர்களிடமும் அதைத்தான் கேட்டேன். போடியாரின் சாரதியிடமும் கேட்டேன். ஒருவரும் கொண்டு போகவில்லை. எங்களூரில் அந்த மாதம் பத்து வீட்டுக்காரர்கள் மண்வெட்டி இரவல் வாங்கி வரம்பு கட்டினார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம், காக்காவுக்காக ஓதிச் சோறு கொடுக்கிற நாள், வந்தது. காலையில் பதினொன்றையும் கழுவி, துருவைச் சுரண்டி, தேங்காயெண்ணெய் பூசினேன். படலையிலிருந்து பந்தல் வரை வேலியில் வரிசையாகச் சாத்தி வைத்தேன், குறி பாதையைப் பார்க்கிற மாதிரி. உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. சரிந்து கிடந்த ஒன்றைத் தானே நிமிர்த்தி வைத்தார்.

ஊர் வந்தது. சாப்பாட்டுக்கு ஊர் பிந்துவதில்லை. படலைக்குள் காலை வைத்ததும் ஒவ்வொருவருடைய கண்ணும் தன்னுடைய குறியில் போய் விழுந்தது. விழுந்ததும் வானத்தைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். போடியார் நின்றுவிட்டார்.

"மகள், இதென்ன கூத்து?"

திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "கூத்தில்ல போடியார். அவங்கவங்கட சாமான் அவங்கவங்க எடுத்துட்டுப் போகட்டும். எடுக்கக்குள்ள எதுக்கு அனுப்பின எண்டு மட்டும் செல்லிட்டு எடுக்கட்டும்."

"வாய மூடு!" என்றார் மாமா.

"மூடினன் மாமா. கடதாசிய வாசிச்ச வாய்தான் இது."

லெப்பை ஓதத் தொடங்கினார். ஓதி முடிய சோறு வைத்தோம். எல்லாரும் தின்றார்கள். இறைச்சிக் கறிக்கு உப்புக் குறைவு என்றுகூட ஒருவர் சொன்னார். கை கழுவி, வரிசையைப் பார்க்காமல் ஒருவர் பின்னால் ஒருவராக வெளியே போனார்கள். போகிறபோதும் கூட்டமாகத்தான்.

அடுத்த வளவுத் தறிக்காரியின் மாப்பிள்ளை மட்டும் நின்றார். எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறவர். நாலாவது மண்வெட்டிக்கு முன்னால் நின்று அதன் பிடியைத் தொட்டார். தறிக்காரி என் பக்கத்தில், திரையைக் கிழிந்துபோகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி," என்றார். பாதையில் போனவர்களும் கேட்கிற சத்தம். "இது என்ட. கூட்டத்தில முடிவெடுத்தபடியா அனுப்பின. நானும் வந்திருக்கணும். வரல்ல. உன்ட காக்கா ஊர்ட முடிவுக்குத்தான் போன." மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து போனார்.

பாதையில் யாரோ, "இவனுக்கு விசர்" என்றார்கள். அன்றைக்கு அவருடைய வீட்டுக்குப் போடியாரின் ஆலை மூடிக்கொண்டது. இப்போதும் நெல்லுக் குத்த அவர் கல்முனைக்குச் சைக்கிளில் கொண்டு போகிறார். மனைவி என்னிடம் சொன்னாள், "கைக்கிக் கயிறு வேணுமெண்டியே, அறுத்துட்டாருகா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

மீதிப் பத்தும் இன்னும் வேலியில் நிற்கின்றன. எண்ணெய் பூசுவதை விட்டுவிட்டேன். துருப் பிடிக்கட்டும். குறி அழியாது, அது சுட்ட குறி.

காக்கா, இந்த மாரியும் வந்துவிட்டது. களப்பு ஏறுகிறது. நேற்றும் கூட்டம் நடந்தது, வேலியால் கேட்டேன். நாள் குறித்தார்கள், சலவாத்துச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்றார்கள். வாதாட ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இதை வாசிக்கிறவர்களே, அவருடைய பேர் உங்களுக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆற்றுவாயில் போன அந்த ஆள் என்று சொன்னால் போதும். அவருடைய கப்றுக் குழியை அல்லாஹ் விசாலமாக்கி வைக்க, தண்ணீரில் அவர் மூச்சு முட்டின அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க, நீங்கள் எல்லாரும் ஒருமுறை கையேந்திக் கேளுங்கள். மற்றவர்கள் கேட்பார்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். நீங்களே கேளுங்கள்.